டிங்கர் தேடிய கை

நசுங்கிய காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினால் போதும். டிங்கர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒடுக்கு விழுந்த இடத்தில் குனிந்து, அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "லாரிக்காரன் வந்து இடிச்சான்னு சொன்னீங்களே சார். நீங்கதானே ரிவர்ஸ்ல போய்த் தூண்ல சாத்தியிருக்கீங்க?" என்பார்.

வண்டிக்காரருக்கு முகம் தொங்கிப்போகும். பக்கத்தில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருக்கும் பெயிண்டர் சும்மா இருக்க மாட்டார். "அண்ணன்கிட்ட எதுக்கு சார் மறைக்கிறீங்க? இன்னும் ரெண்டு நிமிஷம் தடவினாருன்னா பக்கத்து சீட்ல யார் உக்காந்திருந்தாங்கன்னும் சொல்லிடுவாரு" என்று ஊதிவிடுவார்.

அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, இடித்தது உருண்டையா கூரா, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் தகரத்தைப் பார்த்தாலே டிங்கருக்குத் தெரிந்துவிடும். தகரம் தானாக ஒடுங்காது. ஒடுக்கு இருக்கிறது என்றால் இடித்தது ஒன்று இருந்தே தீர வேண்டும். இந்த அறிவுதான் அவருக்குச் சோறு போட்டது. இதே அறிவுதான் அவர் வீட்டில் ரத்தத்தையும் சிந்த வைத்தது.

ஆள் கெட்டவர் இல்லை. ஒருவருக்குக் கண்ணீரையும் இன்னொருவருக்குச் சிரிப்பையும் தாராளமாக அள்ளிக் கொடுத்த கடவுள், இவருக்குக் கோபத்தை அப்படிக் கொடுத்துவிட்டார். அதுவும் அவருக்கு வீட்டில் ஊட்டி வளர்த்த கோபம்.

அவருடைய அப்பா மரக்கடையில் சுமை தூக்கியவர். சில நாள் காலையில் ஒரு கண் மூடிப்போய் எழுந்திருப்பார். சில நாள் உதடு தடித்துப் பேச்சுக் குழறும். குடித்துவிட்டு எங்கேயோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று தெருவில் சொல்வார்கள். அவரோ குடிக்கவே மாட்டார். ஒருநாள் பல்வலி தாங்காமல், தெருமுனையில் இருந்த பல் டாக்டரிடம் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார். பொழுது சாய்வதற்குள் கன்னம் பூசணிக்காய் ஆகிவிட்டது. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் வழியவிட்டார். அப்புறம் மூச்சுக்குத் தவித்து, தன் கழுத்தைத் தானே நகத்தால் கிழித்துக்கொண்டார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது அவர் நகக்கண்ணில் அவருடைய தோலே இருந்தது.

டிங்கருக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. பட்டறையில் சேர்ந்த புதிது. அம்மா அழவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து, செத்துக் கிடந்த அப்பாவின் கன்னத்தின் மேல் வைத்தாள்.

"தொட்டுப் பாருடா. எப்படி வீங்கியிருக்கு பாரு. அந்தப் பல் பிடுங்கினவன் கைதான்டா இது. அவன் கைதான் உங்கப்பனைக் கொன்னுச்சு."

அவர் பட்டறைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். முதலில் நாற்காலி உடைந்தது. பிறகு கண்ணாடி. பிறகு அந்த மனிதரின் தாடை. தரையில் கிடந்து, வாயில் ரத்தமும் பல்லுமாக, "நான் பல்லைத்தான்ப்பா எடுத்தேன், பல்லைத்தான்ப்பா எடுத்தேன்" என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். டிங்கர் சிறைக்குப் போனார். திரும்பி வந்த அன்று அம்மா அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, "என் வயித்துல பொறந்தது வீண்போகல" என்றாள். பல் டாக்டர் கடையைக் காலி செய்துகொண்டு ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்த வீக்கம் வந்தாலும் அதற்கு ஒரு ஆள் பிடிபட்டான். டிங்கருக்கே அவ்வப்போது வயிற்றைப் பிசைந்து வலி வரும். சுருண்டு படுத்து வாந்தி எடுப்பார். "யாரோ சாப்பாட்டுல என்னத்தையோ கலந்துட்டாங்க" என்பாள் அம்மா. கடைசியாகச் சாப்பிட்ட கடைக்காரனுக்கு இரண்டு அறை விழும். நாள் முழுக்கச் சுத்தியல் பிடித்தால் சாயங்காலம் உள்ளங்கை உப்பி, விரல் மடங்காது. யாரையாவது குத்திவிட்டு வந்தால் முழங்கை வரைக்கும் ஏறிவிடும். "அவன் எலும்பு அவ்ளோ கெட்டி" என்று அதற்கும் எதிராளி மேலேயே பழியைப் போட்டுவிடுவார்.

அவருக்குத் தங்கை ஒருத்தி. அப்பா போனபோது சின்னப் பெண். அவளைத் தூக்கி வளர்த்தவர் இவர்தான். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடாமல் அவளுக்குச் செய்து வைத்தார். மாப்பிள்ளையை அவளே பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தெருவில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். ஒல்லியான ஆள், இடது கைக்காரர், நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் காது சிவந்துவிடும்.

"ஏம்மா, இவரை ஊதினா மாவு மாதிரிப் பறந்துடுவாரே" என்று டிங்கர் அன்றைக்குக் கேலி செய்தார்.

"நீ ஊதாம இருண்ணா. அதுவே போதும்" என்றாள் தங்கை.

கல்யாணமாகிக் கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் தங்கையின் மேலுதடு வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "என்னமோ தெரியலண்ணா, தானா வீங்கிச்சு" என்றாள். அடுத்த மாதம் ஒரு கண் மூடிக்கொண்டது. அதற்கும் அதே பதில். அம்மா ராத்திரியும் பகலும் ஒரே பாட்டாகப் பாட ஆரம்பித்தாள். "தானா வீங்குமாடா? உங்கப்பனுக்குத் தானாவா வீங்கிச்சு? அந்த ஊமையன் கையை வைக்கிறான்டா. அவ உனக்குப் பயந்து மறைக்கிறா."

ஒருநாள் தங்கை பட்டறைக்கு வந்தாள். கடை ஷட்டர் இறங்கமாட்டேன் என்கிறது, வந்து பார்த்துக் கொடு என்று சொல்ல வந்தவள். முந்தானையால் வலது கன்னத்தை மூடியிருந்தாள். டிங்கர் துணியை விலக்கினார். கன்னம் வெளுத்துப் பளபளவென்று உப்பிக் கிடந்தது.

"யாரு?"

"யாரும் இல்லண்ணா. காலைல எழுந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. வலி கூட இல்ல."

டிங்கர் அவள் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். ஒடுக்கைத் தடவுவது போலவே வீக்கத்தின் விளிம்பைத் தடவினார். வலது கன்னம். எதிரே நின்று அடித்தவன் இடது கையால்தான் அடித்திருக்க வேண்டும்.

பெயிண்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. இவ்ளோ பெரிய ஒடுக்கு, பெயிண்ட்ல ஒரு கீறல் கூட இல்லையே. கன்னிப்போகல, சிவக்கல. உள்ளேயிருந்து தள்ளின மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

"நீ உன் டப்பாவைக் கலக்கு."

"நான் கலக்குறேன். நீ எதையாவது கலக்கிவிட்டுடாதே, அதான் சொல்றேன்."

தங்கைக்கு அண்ணனின் கண்ணைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "அண்ணா, அவர் மேல கை வெச்சேன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று கையைப் பிடித்தாள். அந்தப் பேச்சே அவருக்குச் சாட்சியாகப் போய்விட்டது. அடிக்காதவனுக்காக எவள் இப்படிக் கெஞ்சுவாள்?

மறுநாள் காலையில் டிங்கர் ரொட்டிக் கடைக்குப் போனார். முன்பக்கம் தங்கை ஆட்களுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் "அண்ணா" என்று வாயைத் திறப்பதற்குள் அவர் பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டார். மாப்பிள்ளை அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். அனலில் முகமெல்லாம் வேர்வை.

"மாப்பிள்ளை, தட்டைக் கீழ வைங்க."

மாப்பிள்ளை தட்டை வைத்தார்.

"என் தங்கச்சி கன்னம் எப்படி வீங்கிச்சு?"

"தெரியல மச்சான். அவளுக்கு அடிக்கடி இப்படி..."

"அடிக்கடி. எப்பலேர்ந்து அடிக்கடி?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். காது சிவந்தது. அவருக்கு ஒன்று தெரியும். இரண்டாவது அடுப்பு வைத்துக் கடை நிமிரும் வரைக்கும் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் பேசி, தங்கை கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். அதை ஆரம்பித்த பிறகுதான் இந்த வீக்கம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவருக்கே சந்தேகம். ஆனால் பேரப்பிள்ளை எப்போது, எப்போது என்று மாமியார் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? பெண்டாட்டியின் மாத்திரையைப் பற்றி அவள் அண்ணனிடம் எந்த ஆண்பிள்ளை பேசுவான்?

"அதை... அவகிட்டயே கேளுங்க மச்சான்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

டிங்கர் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார். பட்டறைக்கு வந்து பொய் சொல்லிப் பிடிபட்ட வண்டிக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் குனிவார்கள்.

முதல் குத்து மூக்கில் விழுந்தது. மாப்பிள்ளை மாவுப் பலகையின் மேல் சாய்ந்தார். வெள்ளை மாவில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் குழிபறித்தது. இரண்டாவது குத்து விலாவில். உள்ளே ஏதோ ஒடிந்த சத்தம் டிங்கரின் காதுக்கே கேட்டது. தகரத்தை நிமிர்த்தும்போது எந்த இடத்தில் அடித்தால் மடங்கும் என்று தேடுவாரே, அதே நிதானத்தோடு அவர் அடித்தார். மாப்பிள்ளை திருப்பி அடிக்கவில்லை. முகத்தை மறைக்கத்தான் கையைத் தூக்கினார். முதலில் அகப்பட்ட வலது கையைப் பிடித்துப் பலகையின் விளிம்பில் வைத்து அழுத்தினார் டிங்கர். எலும்பு முறிந்தது. சுடச்சுட இருந்த தட்டு சரிந்து விழுந்து ரொட்டிகள் காலடியில் உருண்டன.

"விடுண்ணா! விடு! அவர் ஒண்ணும் பண்ணல!"

தங்கை ஓடிவந்து இருவருக்கும் நடுவில் புகுந்தாள். டிங்கர் அடுத்த குத்துக்குக் கையைப் பின்னால் இழுத்தபோது அவர் முழங்கை அவள் தாடையில் பட்டது. பெரிய அடி இல்லை. அவள் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் மோதி நின்றாள். டிங்கர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாப்பா, பட்டுடுச்சா?"

அவள் கணவனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணனை ஏறெடுத்தும் பாராமல், "போ" என்றாள்.

அவர் வீட்டுக்குப் போனார். கை வழக்கம்போல வீங்கத் தொடங்கியிருந்தது. அம்மா வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். "இனிமே கையை நீட்ட மாட்டான்" என்றாள், நிறைவாக.

சாயங்காலம் ரொட்டிக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். "உன் தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்கப்பா. கழுத்தெல்லாம் வீங்கிப் பேச்சு வரல. ஒடிஞ்ச கையோட அந்த மனுஷன்தான் கூட்டிட்டுப் போனாரு."

டிங்கரும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடை எது, கழுத்து எது என்று தெரியவில்லை. உதடு பிதுங்கித் திரும்பியிருந்தது. மூச்சு இழுக்கும்போது துருப்பிடித்த கீலைத் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. டிங்கருக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்பாவின் கழுத்திலிருந்து வந்த அதே சத்தம்.

டாக்டரம்மா வேகமாகப் பேசினார். "அலர்ஜின்னு நினைச்சு அதுக்குண்டான ஊசி எல்லாம் போட்டாச்சு. எதுக்கும் கேக்கல. அரிப்பும் இல்ல, தடிப்பும் இல்ல. இதுக்கு முன்னாடி குடும்பத்துல யாருக்காவது இப்படி வீங்கியிருக்கா?"

"வீங்கலம்மா. வீங்க வெச்சாங்க" என்றாள் அம்மா.

"யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு. பல் பிடுங்கினவன் கொன்னுட்டான்."

டாக்டரம்மா நின்றுவிட்டார். "பல் எடுத்த அன்னைக்கேவா? இதே மாதிரி கழுத்து அடைச்சா? வேற யாருக்காவது? காரணமில்லாத வயித்துவலி, வாந்தி?"

அம்மாவின் கண் தானாக மகன் பக்கம் திரும்பியது.

"இன்னைக்கு இந்தப் பொண்ணுக்கு எங்கேயாவது அடிபட்டுச்சா?"

ஒடிந்த கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு, மூக்கில் பஞ்சு அடைத்தபடி சுவரோரமாக நின்ற மாப்பிள்ளைதான் பேசினார். "தாடைல லேசா இடிச்சுது டாக்டர். தெரியாமப் பட்டது." மாமியார் இருக்கிற திசையைப் பார்க்காமல், "அப்புறம், அவ பிள்ளை தள்ளிப் போட மாத்திரை சாப்பிடுறா. அதுக்கப்புறம்தான் அடிக்கடி வீங்க ஆரம்பிச்சுது" என்றார்.

"மாத்திரையா?" என்றாள் அம்மா. "என்ன மாத்திரை? யாரைக் கேட்டு?"

டாக்டரம்மா அவளைக் கவனிக்கவில்லை. ரத்த வங்கிக்கு ஆளை விரட்டினார். ரத்தத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் மஞ்சள் நீர் வேண்டும், அது ஒன்றுதான் இப்போது கைவசம் இருக்கிற வழி, உறைய வைத்ததை உருக்கி எடுத்து வர நேரமாகும், ஓடு என்றார். இவர்களை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்தார்கள்.

வெளியே நின்றவர்களுக்கு அந்தக் கீல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றுபோனது.

டிங்கர் திரையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். தங்கையைப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு பேர் தோளை அமுக்கியிருந்தார்கள். அவள் முகம் நீலம் பாரித்திருந்தது. கால்கள் கட்டிலை உதைத்தன. டாக்டரம்மா அவள் கழுத்தின் நடுவில் ஒரு விரலை வைத்து அமுக்கி, இன்னொரு கையில் கத்தியைப் பிடித்திருந்தார்.

தங்கையின் கழுத்துக்கு நேராகக் கத்தி. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாய்ந்து டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"விடுங்க! மூச்சுக்கு வழி பண்ணணும்! விடுங்கய்யா, செத்துடுவா!"

அவர் விடவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவரை முழங்கையால் தள்ளினார். அவர் மருந்துத் தட்டோடு போய் விழுந்தார். டாக்டரம்மாவின் கை முறுகி, கத்தி அவருடைய உள்ளங்கையையே கிழித்தது. தங்கையின் கால்கள் உதைப்பதை நிறுத்திவிட்டன.

அப்போது டிங்கரின் வலது கன்னத்தில் இரும்பு ஸ்டூல் வந்து இறங்கியது.

அடித்தவர் மாப்பிள்ளை. ஒடிந்த கை தொங்க, மிச்சமிருந்த இடது கையால், உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அடித்தார். டிங்கர் முழங்காலில் விழுந்தார். மாப்பிள்ளை இன்னொரு முறையும் அடித்தார். பிறகு ஸ்டூலைப் போட்டுவிட்டு, ஒடிந்த விலாவோடு அவர் மேல் விழுந்து, தன் மொத்த எடையையும் வைத்து அமுக்கிக்கொண்டார். "வெட்டுங்க டாக்டர்! வெட்டுங்க!" என்று கத்தினார். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத மனிதரின் குரல் அது.

டாக்டரம்மா தன் ரத்தம் வழிந்த கையாலேயே வெட்டினார். தரையில் கன்னம் பதியக் கிடந்த டிங்கருக்குக் கட்டிலின் கால் மட்டும்தான் தெரிந்தது. கட்டிலின் விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டியது. பிறகு ஒரு சீறல். காற்றுப்போன டயரில் மறுபடி காற்று ஏறுவது போல. தங்கையின் கால் ஒருமுறை அசைந்தது. கடவுள் அந்த அறையில் இருந்தாரா என்று கேட்டால், அந்தச் சீறலில் இருந்தார் என்றுதான் சொல்ல முடியும்.

மஞ்சள் நீர் வந்தது, ஏற்றினார்கள். இதற்குள் ஆஸ்பத்திரிக் காவலாளிகள் டிங்கரைப் பிடித்து ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் முகம் ஸ்டூல் பட்ட பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல உப்பிக்கொண்டே வந்தது. உதட்டுக்கு வந்தது. தையல் போட்ட கையோடு அந்தப் பக்கம் வந்த டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவருக்கும் அதேதான். இவரையும் படுக்க வைங்க. மிச்சம் இருக்கிறதை இவருக்கு ஏத்துங்க" என்றார். டிங்கர் நாக்குத் தடித்து, எச்சில் வழிய, அம்மாவைப் பார்த்தார். உயிர் போய்விடுமோ என்கிற பயம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பயத்தை அவர் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறார்.

டாக்டரம்மா புகார் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "கத்தி வழுக்கிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா எல்லாரையும் தங்கையின் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துச் சொன்னார். அப்பா வழியில் வந்த வியாதி. ரத்தத்தில் ஒரு சத்துக் குறைவு, அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் இருக்கிறது. மிக அபூர்வமானது, அதனால்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

"அடிபடாம பாத்துக்கணும். பல் எடுக்கணும்னா முன்னாடியே இங்க வந்து மருந்து ஏத்திக்கணும். அந்த மாத்திரை இனி கூடவே கூடாது, வேற வழி சொல்றேன். பிரஷர் மாத்திரைலயும் சிலது ஆகாது. காய்ச்சல் வந்தாலும் வீங்கலாம். ஒரே இடத்துல அழுத்திப் பிடிச்சு வேலை செஞ்சாலும் வீங்கும். உங்க கை அப்படித்தான்" என்று டிங்கரைப் பார்த்தார். "அப்புறம் பயம், மன அதிர்ச்சி. அதுவும் ஒரு காரணம். சில சமயம் ஒரு காரணமும் இல்லாமலே வரும்."

"ஒண்ணுமே இல்லாமலா டாக்டர்?" என்றார் டிங்கர்.

"ஒண்ணுமே இல்லாமலும்தான்."

டிங்கர் திரும்பத் திரும்ப அதையே கேட்டார். ஒன்றும் இடிக்காமல், யாரும் தொடாமல்? ஆமாம் என்றார் டாக்டரம்மா. அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். தரையில் கிடந்து பல்லைத்தான்ப்பா எடுத்தேன் என்று அழுத ஒரு வாய் அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த மனிதர் எந்த ஊரில் இருக்கிறாரோ, என்ன மென்று சாப்பிடுகிறாரோ.

தங்கையின் கழுத்தில் மூச்சுக்காக வைத்திருந்த குழாயை எடுத்து, ஓட்டையின் மேல் கட்டுப் போட்டிருந்தார்கள். பேச வேண்டுமானால் அந்தக் கட்டின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். அவள் அண்ணனைக் கிட்டே வரச் சொல்லவில்லை. இருந்த இடத்திலிருந்தே விரலை வைத்து அழுத்தினாள்.

"அண்ணா. நீ இனிமே எங்க வீட்டுக்கு வரக்கூடாது."

"பாப்பா..."

"கோவத்துல சொல்லல. நீ வாசல்ல வந்து நின்னாலே எனக்கு இங்க இறுக்குது." கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "டாக்டர் சொன்னாங்கல்ல, பயமும் ஆகாதுன்னு. நான் பல்லை வேணா எடுக்காம இருந்துடுவேன், மாத்திரையை நிறுத்திடுவேன். உன்னை என்ன பண்றது?"

டிங்கர் அவளைத் தூக்கி வளர்த்ததைச் சொல்ல நினைத்தார் போல, வாய் அசைந்தது. சொல்லவில்லை. "சரிம்மா" என்றார். மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லப் போனார். மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையைத் தன்னையறியாமல் மார்போடு சேர்த்துக்கொண்டதைப் பார்த்து, அதையும் சொல்லாமல் வெளியே நடந்தார்.

நடையில் அம்மா காத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் அடங்கவில்லை. "வியாதியாம், ரத்தமாம். படிச்சவங்க ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் கொடுப்பாங்களாடா? அந்தப் பல் பிடுங்கினவனைக் காப்பாத்தத்தான் இந்தக் கதை. உங்கப்பனைக் கொன்னவன்..."

"அப்பாவை யாரும் கொல்லலம்மா."

"என்னடா சொன்னே?"

"யாரும் கொல்லல. அவருக்கு இருந்த வியாதி. நாமதான் ஆள் தேடிக்கிட்டே இருந்தோம். இல்லாத ஆளை நான் அடிச்சுட்டு வந்தேன்."

அம்மா அவரை அறைந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக. அடுத்த கன்னத்திலும் அறைந்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷமும் கட்டிக் காத்த பகையை ஒரு நிமிஷத்தில் பறித்துக்கொண்டவனை, இரண்டு கையாலும், கன்னம் தாடை வாய் என்று பாராமல், கத்திக் கத்தி அடித்தாள். வளையல் உடைந்து அவர் புருவத்தில் கீறியது. டிங்கர் கையைத் தூக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. அவளுக்கு எட்ட வேண்டும் என்பதுபோலக் கொஞ்சம் குனிந்துகூடக் கொடுத்தார்.

சத்தம் கேட்டு அறையிலிருந்து ஓடிவந்தவர் மாப்பிள்ளைதான். விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்தார். வந்தவர் இருவருக்கும் நடுவில் புகுந்து, நல்ல கையால் மாமியாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"முகத்துல அடிக்காதீங்க அத்தை! அடிக்கணும்னா முதுகுல அடிங்க. முகத்துல வேண்டாம். அவருக்கும் இருக்கு!"

அம்மா திமிறினாள். அவர் விடவில்லை. விடாமலே தலையைத் திருப்பி, "நின்னுக்கிட்டே இருக்கீங்களே மச்சான், போங்க, போய் டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க, மறுபடி வீங்கறதுக்குள்ள" என்று அதட்டினார்.

டிங்கர் புருவத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னபடி நடந்தார்.